நிற்காத கியர்

அக்கா, நேற்று அம்மா போன் செய்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏண்டி பிரீத்தி, கிளீனர் வேலைக்கா உன்ன கட்டிக் குடுத்தோம்?"

நம் தெரு அம்சவேணி அத்தை போன மாதம் பாகாலாவில் பஸ்ஸிலிருந்து என்னைப் பார்த்திருக்கிறாள். மாங்காய் ஏற்றிய வண்டியில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனாம். அந்த டிரைவர் வேறு யாருமில்லை, அவர்கள் கட்டிக் கொடுத்த பாபு மாமாதான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அழ ஆரம்பித்து போனையும் வைத்துவிட்டாள். அதனால் உனக்குச் சொல்கிறேன். நீ அம்மாவுக்குப் படித்துக் காட்டு. எனக்கு இரண்டு தோளும் வலிக்கிறது, டைப் அடிக்க முடியவில்லை. வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. தோள் ஏன் வலிக்கிறது என்பதும் இதில்தான் வருகிறது.

வண்டியை எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் புத்தூரில் பால் கேன் ஏற்றிக்கொண்டிருந்தார். பெரிய பிக்கப், வெள்ளை நிறம், வயது ஒன்பது. மழை பெய்தால் இன்றைக்கும் உள்ளே புளித்த பால் வாசனை வரும். வைப்பர் ஒன்றுதான் ஆடும். இடது பக்கக் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். அதனால் நான் இறங்க வேண்டுமென்றால், பாபு மாமா இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்துவிட வேண்டும். எங்கள் தெருப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு குழாயடியில் சிரித்துக்கொண்டார்கள். மகாராணி இறங்குகிறாள் என்று தெலுங்கில் சொன்னது எனக்கும் புரிந்தது. திருப்பிச் சொல்லத்தான் தெலுங்கு வரவில்லை.

வண்டி வாங்கிய மறுநாள் தெருக்கோடிப் பெருமாள் கோயிலில் பூஜை போட்டோம். கோயில் வாசலில் ரோடு கொஞ்சம் மேடு. நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அர்ச்சகர் பாஷ்யம் சாமி கற்பூரம் காட்டிவிட்டு, "ம், எடுங்கோ" என்றார்.

மாமா கியர் போட்டு கிளட்சை விட்டார். 'டக்' என்று ஒரு சத்தம். கியர் தானாகக் கழன்றுவிட்டது. முன்னால் போக வேண்டிய வண்டி பின்னால் உருண்டது. பழம் நான்கும் வைத்த இடத்திலேயே இருந்தன.

"பூஜ போட்ட வண்டி பின்னாடி போவுதே" என்று பூக்காரி சொன்னாள். அதை அவள் மெதுவாகச் சொன்னதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

இரண்டாவது தடவையும் அப்படியே. மாமாவின் காது சிவந்துபோனது. கூட்டம் சேர ஆரம்பித்தது. மூன்றாவது தடவை அவர் கியர் போட்டதும், நான் எதையும் யோசிக்காமல் இரண்டு கையாலும் அந்தக் கியர் கம்பியை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். வண்டி உறுமிக்கொண்டு மேலே ஏறியது. பழம் நசுங்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

பாஷ்யம் சாமி ஜன்னல் பக்கம் வந்தார். "ஒண்ணும் இல்லே. வண்டி ரெண்டடி பின்னாடி போய் பெருமாளைச் சேவிச்சுண்டது, அவ்வளவுதான். இனிமே நன்னா போகும்" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். "ஆனா அந்தக் கையை மட்டும் எடுத்துடாதே, கொழந்தே."

சித்தூரில் ஜெகநாதன் அண்ணன் என்று ஒரு மெக்கானிக். அவர் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"முன்னாடி தள்ற கியரு ரெண்டும் நிக்காதுப்பா. ஒண்ணும் மூணும். உள்ள பல்லு தேஞ்சி போச்சி. கியர் பொட்டிய எறக்கணும். சாமான் எப்ப வரும்னு சொல்ல முடியாது, வந்தப்புறம் வேல நாலு நாளு."

"மாங்கா சீசன்ல நாலு நாளு எப்படிண்ணா நிறுத்தறது?"

"அப்போ கியரப் புடிச்சிக்கினே ஓட்டு."

மாமாவால் அது முடியாது, அக்கா. சின்ன வயதில் கை உடைந்து புத்தூர்க் கட்டு போட்டிருக்கிறார்கள். கட்டு அவிழ்ப்பதற்கு முன்னால் இவர் மரம் ஏறிவிட்டார். இடது கை இன்றைக்கும் முழுசாக நீளாது, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் நடுங்கும். ஜெகநாதன் அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கைக்கா பஞ்சம்? அதான் பக்கத்துலயே ரெண்டு கீதே" என்றார்.

அப்படித்தான் நான் வண்டியில் ஏறினேன். அவர் கிளட்சை மிதித்து, "மூணு" என்பார். நான் தள்ளிப் பிடிப்பேன். "வுடு" என்றால் விடுவேன். முதல் வாரம் முழுக்க எங்கள் பேச்சே இதுதான். ஒண்ணு, வுடு, மூணு, வுடு.

கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியும் அவர் என்னிடம் பேசியதெல்லாம் ஒரு பக்கம் வராது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். சாப்பிட்டாயா, தண்ணீர் வந்ததா, அவ்வளவுதான். காலையில் அவர் போனால் அந்த ரூமில் நானும் மின்விசிறியும். நான் அழுததை அம்மாவிடம் நீ சொல்லவில்லை, அதற்கு நன்றி. ஆனால் வண்டியில் அவர் வேறு ஆள். என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்க்கலாம் இல்லையா, அதனால் பேச்சு வரும். பல்லி என்றால் பயம் என்று சொன்னார். எந்தத் தோப்பு மாங்காய் எப்படி மணக்கும் என்று சொன்னார். ஒருநாள், "உங்க வூட்ல எல்லாரும் சத்தமா சிரிப்பீங்க, எனக்கு அது புடிக்கும்" என்றார். சொன்ன உடனே, "மூணு" என்றார். ரோடு சமமாகத்தான் இருந்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

இந்த ஊரில் எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரே இடம் அந்த சீட்டுதான், அக்கா.

சித்தூர் மாங்காய்க் கூழ் பேக்டரி வாசலில் வண்டிகள் மைல் கணக்கில் நிற்கும். டோக்கன் கொடுக்கிறவர் என்னைப் பார்த்து, "நுவ்வு கிளீனரா அம்மா?" என்று கேட்டார். அவரும் அம்மா மாதிரிதான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "காதண்ணா, மா ஓனரம்மா" என்றார். இல்லை அண்ணா, எங்கள் ஓனரம்மா என்று. ஓனரம்மா. அன்றிலிருந்து அந்த வரிசையில் நின்ற டிரைவர்கள் எல்லோரும் என்னை ஓனரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் என்னிடம்தான் கேட்டு வாங்குவார்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் செய்த தப்பு.

ஜூன் கடைசியில் ஒருநாள் காலையில் ஜெகநாதன் அண்ணன் போன் செய்தார். மாமா வண்டியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார், போன் என்னிடம் இருந்தது.

"சாமான் வந்துடுச்சிம்மா. வண்டிய இட்டுக்கினு வந்து வுடச் சொல்லு."

"சரிண்ணா" என்றேன்.

மாமா வந்து, "யாரு?" என்றார்.

"காவ்யா அக்கா" என்றேன். உன் பெயரைத்தான் சொன்னேன். மன்னித்துக்கொள்.

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். கியர் சரியாகிவிட்டால் என்னை எதற்கு வண்டியில் ஏற்றுவார்? மறுபடியும் ரூம், மறுபடியும் சாப்பிட்டாயா, தண்ணீர் வந்ததா. அதை நினைத்தால் நாக்கு எழவில்லை. அப்படியே பன்னிரண்டு நாள் போய்விட்டது.

பன்னிரண்டாவது நாள் மத்தியானம், பாகாலா தாண்டி ஒரு மேடு. முழு லோடு. மூன்றாவது கியரில் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் ஏற்கெனவே கொப்புளம், அதற்கு மேல் வியர்வை. கை வழுக்கிவிட்டது. 'டக்.'

வண்டி நின்று, பின்னால் நகர்ந்தது. மாமா பிரேக்கை மிதித்தார். லோடு இழுத்த இழுப்பில் அது நிற்பதற்குள் பின்பக்கக் கதவு திறந்துகொண்டு மாங்காய் எல்லாம் ரோட்டில் கொட்டியது. கண்ணாடியில் ஒரு ஸ்கூட்டர் தெரிந்தது. அடுத்த நொடி தெரியவில்லை.

நான் கதவை இடித்தேன். உள்ளிருந்து திறக்காது என்பதுகூட மறந்துவிட்டது. மாமா குதித்து ஓடினார். என்னைத் திறந்துவிட யாரும் இல்லை. அவர் சீட்டைத் தாண்டி அந்தப் பக்கமாக இறங்கினேன்.

ஸ்கூட்டர் ஓட்டி வந்த பெண் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். வண்டியைக் கீழே போட்டுவிட்டு முன்பே குதித்துவிட்டாளாம். ஒரு கீறல்கூட இல்லை. அவள் தெலுங்கில் திட்டியதில் எனக்குப் பாதிதான் புரிந்தது, அதுவே போதுமாக இருந்தது. மாமா ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்தி, துடைத்து, ஸ்டார்ட் செய்து கொடுத்தார். திட்டி முடித்ததும் அவள் நல்லதாக நான்கு மாங்காய் பார்த்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

நாங்கள் இரண்டு பேரும் ரோட்டில் குனிந்து பொறுக்கினோம். பொறுக்கிக்கொண்டே சொன்னேன்.

"மாமா, ஜெகநாதன் அண்ணன் போன் பண்ணாரு. சாமான் வந்துடுச்சாம்."

"எப்போ?"

"பன்னெண்டு நாளாவுது."

அவர் நிமிரவில்லை. கையிலிருந்த மாங்காயின் மண்ணைத் துடைத்தார். துடைத்த மாங்காயையே மறுபடியும் துடைத்தார். எல்லாவற்றையும் ஏற்றி, கதவைக் கயிறு போட்டுக் கட்டினார். மேட்டைத் தாண்டும் வரைதான் என்னைப் பிடிக்கச் சொன்னார். அதற்கப்புறம் சித்தூர் வரை இரண்டாவது கியரிலேயே ஊர்ந்தார். இரண்டாவது கியர் தானாக நிற்கும். என் கை மடியிலேயே இருந்தது.

"என்ன நகரிக்கு, எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னா பேச்சு இது" என்றார். கோபமில்லை என்று அர்த்தமா, கோபத்தைச் சொல்ல வார்த்தை இல்லை என்று அர்த்தமா? வழி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

லோடு இறக்கிவிட்டு நேராக ஜெகநாதன் அண்ணன் ஷெட்டுக்குப் போனோம். அவர் எங்களைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"வாங்க மகராசி, வாங்க மகராசா. இந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன், வரல. ரெண்டு நாளு பாத்துட்டு இவன்கிட்ட சொன்னேன், இவனும் வரல. நா இன்னா தண்டோரா போட்டா சொல்லணும்?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க அதில் ஒன்றுமே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"சீசன் முடியட்டுமேன்னு இருந்தேன்."

"சீசனுக்காகவா?"

டயரை விரலால் அமுக்கிப் பார்த்தார். "மறுபடியும் ஒத்தையில ஓட்டறது இன்னாவோ மாதிரி இருக்கும்னு தோணிச்சி" என்றார். பிறகு, "இன்னிக்கு அந்தப் பொண்ணுக்கு எதனா ஆயிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை.

"உங்க கொஞ்சலுக்கு என் கியர் பொட்டிதான் கெடச்சுதா" என்று சொல்லிக்கொண்டே ஜெகநாதன் அண்ணன் வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

நான்கு நாள் வண்டி ஷெட்டில் இருந்தது. நாங்கள் இருவரும் ரூமில் இருந்தோம். மறுபடியும் அதேதான். சாப்பிட்டாயா, தண்ணீர் வந்ததா. நான்காவது நாள் நான் கொடியில் துணி போடும்போது பின்னாலிருந்து, "மூணு" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் அவர் துவைத்த பெட்ஷீட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இன்னொரு முனையை நான் பிடித்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குழாயடி வரை கேட்டிருக்கும்.

வண்டி தயாரான அன்று காலையில் அவர் என்னையும் ஷெட்டுக்குக் கிளம்பச் சொன்னார். நான் இடது பக்கம் போய் நின்றேன். அவர் வலது பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"இங்க ஏறு."

"அது உங்க சீட்டு."

"கியரு இப்ப நிக்குது. புடிக்க ஆளு வேணாம். அப்பவே ஓட்டச் சொல்லிக் குடுத்திருந்தா ரெண்டு பேரும் எங்கனா பள்ளத்துல கெடந்திருப்போம்."

எல்.எல்.ஆர். எடுத்தாயிற்று, அக்கா. வண்டிக்கு முன்னும் பின்னும் சிவப்பில் எல் ஒட்டியிருக்கிறோம். சீசன் முடிந்து காலியாகக் கிடக்கும் மாங்காய் மண்டியில்தான் பழகுகிறேன். ஸ்டீரிங் இரும்பு மாதிரி கனம். தோள்வலிக்குக் காரணம் அதுதான். கிளட்சை எட்ட முதுகுக்குப் பின்னால் நம் வீட்டுத் தலையணையை வைத்திருக்கிறேன், அம்மா சீராகக் கொடுத்தது.

இன்றைக்கு முதல்முதலாக ரோட்டுக்குக் கொண்டுபோனேன். வண்டி காலி. அந்த மேடு வந்தது, மாங்காய் கொட்டிய அதே மேடு. மூன்றாவது கியர் போட்டேன். போட்ட உடனே பக்கத்திலிருந்து ஒரு கை வந்து, என் கையோடு சேர்த்துக் கம்பியை அழுத்திப் பிடித்தது. இடது சீட்டிலிருந்து பிடிப்பதால் அவருக்கு இப்போது வலது கை. நன்றாக நீளுகிற கை.

"அது தானா நிக்குது மாமா. கைய எடுங்க."

"எடுக்கறேன்" என்றார்.

மேடு முடியும் வரை எடுக்கவில்லை. நானும் மறுபடி சொல்லவில்லை.

மேலே போய் ஓரமாக நிறுத்தினேன். அவர் கதவை இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் இறங்கி, வண்டியைச் சுற்றிப் போய், வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டேன். மகாராஜா இறங்கினார். அம்சவேணி அத்தை அந்த நேரம் பார்த்து பஸ்ஸில் வந்திருக்கலாம், வரவில்லை. அதனால் நீயே அம்மாவிடம் சொல்லிவிடு.

சொல்ல மறந்துவிட்டேன். வண்டியைக் கொடுக்கும்போது ஜெகநாதன் அண்ணன், "அந்தக் கதவையும் சரி பண்ணிடட்டா? ஒரு மணி நேர வேலதான்" என்று கேட்டார்.

"அடுத்த சீசன் முடியட்டும்ணா" என்றோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.