மோரோ ஆறு ஏறிய விதம்

அந்த வறட்சியின்போது வில்யா சாலாதாவில் யாராவது கொல்லப்பட்டால் மறுநாள் காலை மோரோ ஆற்றின் நீர்மட்டம் உயர்ந்தது. முதலில் போனவன் சுமைகூலி திபுர்சியோ. தண்ணீர் லாரிக்கு நின்ற வரிசையில் குடத்தை ஓரடி முன்னால் நகர்த்தி வைத்தான் என்பதற்காக வயிற்றில் கத்தியைச் செருகினார்கள். அன்று காலை முப்பத்து நான்கு சென்டிமீட்டர் இருந்த ஆறு மறுநாள் ஆறு மணிக்கு நாற்பத்தொன்று காட்டியது. ஊருக்கு மேலே ஒரு மணி நேர நடைத் தூரத்தில், நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்தில் நட்டிருந்த அளவுகோலைப் பதினேழு வருடங்களாகப் பார்த்து வந்தவள் ரெஃபூஹியோ லாந்தேரோஸ். வானத்தைப் பார்த்தாள். கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை. சரி, மலையில் எங்காவது பெய்திருக்கும் என்று வயர்லெஸ்ஸில் நாற்பத்தொன்று என்றே சொன்னாள்.

அந்த நகரத்தில் நாற்பது என்ற எண்ணுக்கு மேயரைவிட மரியாதை அதிகம். நாற்பதும் அதற்கு மேலும் இருந்தால் லோமா மேட்டுக்கு இரண்டு மணி நேரம் தண்ணீர் திறப்பார்கள். ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் ஆஸ்பத்திரியும் சந்தையும் பணக்காரர்களும் இருந்த பள்ளத்துப் பேட்டைக்கு மட்டும்தான். திறப்பவன் ரெஃபூஹியோவின் கணவன் கிரிசாந்தோ. தன் மார்பு உயரத்துக்கு இருந்த இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு வால்வுக் குழிகளுக்குப் போய்வருவான். அவர்கள் வீடும் லோமாவில்தான். வால்வுக்காரன் வீட்டில் மட்டும் தண்ணீர் புரள்கிறது என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதே என்று இரண்டு சொம்புக்கு மேல் ஊற்றிக் குளிக்காத மனிதன். அப்படியொரு ரோஷம் அவனுக்கு.

தினம் ஒரு சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டிருந்த ஆற்றில் திபுர்சியோவின் தண்ணீர் லோமாவுக்கு இரண்டு நாள் வந்தது. அடுத்த வாரம் பேட்டைக்காரர்களும் லோமாக்காரர்களும் அரிவாளோடு மோதிக்கொண்டதில் அண்ணன் தம்பி இரண்டு பேர் விழுந்தார்கள். ஆறு முப்பத்து மூன்றிலிருந்து நாற்பத்தேழுக்குப் போனது. லோமாவுக்கு எட்டு நாள் தண்ணீர். ஜனங்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல. குழாயடியில் லெயோகாதியா, நாலு முரட்டுப் பிள்ளைகளைப் பெற்றவள், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"ரெண்டு பேருக்கு எட்டு நாளு. மாதாவுக்குத் திரி ஏத்தி ஏத்தி முட்டி தேஞ்சதுதான் மிச்சம், ஒரு சொட்டு வந்துச்சா?"

"வாய கழுவு அக்கா" என்றாள் ரெஃபூஹியோ.

"கழுவலாம். தண்ணி குடு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆறு மறுபடி முப்பத்தேழுக்கு இறங்கிய அன்றைக்கே, ஊருக்குப் புதிதாக வந்திருந்த சாணை பிடிக்கிறவன் தன் சாணைக்கல்லின் மேலேயே கழுத்தறுபட்டுக் கிடந்தான். அவனோடு யாருக்கும் பகையில்லை, யாருக்கும் அவன் பெயர்கூடத் தெரியாது. மறுநாள் அளவுகோல் நாற்பத்து மூன்று காட்டியது. ரெஃபூஹியோ வயர்லெஸ்ஸை எடுத்து முப்பத்தேழு என்று சொன்னாள். பதினேழு வருடத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது. கொன்றால் தண்ணீர் வராது என்று தெரிந்தால் கத்தியைக் கீழே போட்டுவிடுவார்கள் என்று நம்பினாள். பாவி, நல்லதைத்தான் நினைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் ஆறு சென்டிமீட்டரைக் கழித்தே சொன்னாள். லோமாவின் குழாய்கள் காய்ந்தன. கள்ளிமடலைச் சுட்டுப் பிழிந்து பிள்ளைகளுக்குப் புகட்டினார்கள். ஒரு கழுதையின் மூத்திரத்துக்கு இரண்டு குடும்பங்கள் அடித்துக்கொண்டு ஒருவனுக்குக் கண் போனது. சாணைக்காரன் ஒல்லி, அதனால்தான் ஒன்றும் தரவில்லை என்று யாரோ சொல்ல, ஐந்தாம் நாள் ஒரு கிழவனைத் தலையில் கல்லைப் போட்டுக் கொன்று பார்த்தார்கள். கிழவன் ஐந்து தந்தான். மறுநாள் கோல் நாற்பத்து நான்கில் நின்றது. பதினொன்றைக் கழித்து முப்பத்து மூன்று என்றாள் ரெஃபூஹியோ.

அன்று அவள் வீட்டுக்கு வந்ததும் கிரிசாந்தோ காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "ரெஃபு, நெசமாவே முப்பத்தி மூணுதானா? ஒம்பது நாளா ஒரே மொறப்பா மொறைக்கிறாங்கடி. நேத்து பாங்சோ வீட்டுக் குழந்தைக்கு ஒதடு வெடிச்சு ரத்தம். என்னால பாக்க முடியல."

"கோலு சொல்றதத்தான் நான் சொல்றேன்."

"அப்ப சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சாவியை எடுத்துத் தோளில் போட்டான்.

மத்தியானம் வால்வுக் குழியருகே அறுபது பேர் அவனை வளைத்துக்கொண்டார்கள். திறடா என்றார்கள். நாற்பது வரட்டும், கேட்காமலே திறக்கிறேன் என்றான். லெயோகாதியாவின் மூத்தவன் சாவியைப் பிடுங்கினான். "நீ தெறந்து வர்ற தண்ணி வேணாம்டா. நீ செத்து வர்ற தண்ணி போதும்" என்று சொல்லிவிட்டு முதல் அடியைத் தோளில் போட்டான். இரண்டாவது அடி தாடையில். அதற்குப் பிறகு சாவி கை மாறிக்கொண்டே இருந்தது. பெண்களும் வாங்கி அடித்தார்கள். ரெஃபூஹியோ ஓடி வந்தபோது அவன் முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. நாற்பத்து நான்கு என்று அவள் காலையில் சொல்லியிருந்தால் அந்நேரம் வால்வைத் திறந்துவிட்டு அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பான். அவள் அந்தக் குழிக்குள் இறங்கி அவனை மடியில் போட்டுக்கொண்டு மாடு மாதிரி கத்தினாள்.

மறுநாள் காலை பிணத்தின் மேல் போர்வையை இழுத்து மூடிவிட்டு ஆற்றுக்கு நடந்தாள். கோல் ஐம்பத்து மூன்று காட்டியது. தண்ணீர் கலங்காமல் தெளிவாகப் போய்க்கொண்டிருந்தது. வயர்லெஸ்ஸில் ஒன்றையும் கழிக்காமல் சொன்னாள். நீர் வழங்கும் அலுவலகத்தில் இன்ஜினீயர் ஒந்திவேரோஸ் ஆச்சரியப்படவே இல்லை. காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"நேத்து முப்பத்தி மூணு. அப்ப இருபது ஏறியிருக்கு. எத்தன பேரும்மா?"

"ஒருத்தரு."

"ஒருத்தருக்கே இருபதா! கொஞ்ச நாளா செத்தவங்க யாரும் ஒண்ணும் தரலையே. யாரது?"

அவர்களுக்கும் தெரிந்தேயிருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்று ரெஃபூஹியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இருபதில் அவனுடையது ஒன்பதுதான், மீதி சாணைக்காரனுடையதும் கிழவனுடையதும் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அதை அவள் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

"என் வீட்டுக்காரரு" என்றாள்.

"அடடா. நல்ல மனுஷன்" என்றார் இன்ஜினீயர். பிறகு, லோமாவுக்குத் திறக்க வேறு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

எட்டு மணிக்கு லோமாவில் தண்ணீர் வந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் அந்த வருடம் பூவோ மெழுகுவர்த்தியோ கொண்டுவரவில்லை, ஆளுக்கொரு வாளி தண்ணீர் கொண்டுவந்தார்கள். அடித்தவர்களும் கொண்டுவந்தார்கள். லெயோகாதியா தன் வாளியை வாசலில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப இனிப்பா இருக்குடி தண்ணி" என்றாள். ரெஃபூஹியோ அவள் வாளியையும் வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வாள்? கதவைச் சாத்திக்கொண்டு, காதுக்குள்ளும் நகக்கண்ணிலும் காய்ந்திருந்த ரத்தம் கரையும்வரை பதினான்கு வாளித் தண்ணீரையும் ஊற்றிக் கிரிசாந்தோவைக் குளிப்பாட்டினாள்.

அடுத்த நாள் கோல் ஐம்பத்திரண்டு காட்டியது. முப்பத்தொன்பதுக்கு இறங்க இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது. லோமாவில் எல்லோரும் அதைக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள், பொழுது சாய்ந்தால் யாரும் தனியாக வெளியே போகவில்லை.