ஐந்து வேலை நாள்

ஜூன் மாதம் முதல் வாரத்தில் அந்த மின்னஞ்சல் வந்தது. நகரத்தின் மேற்குப் புறநகரான கிரவீனில் வாசுதேவனும் வேதவல்லியும் மூன்று வருடமாக வாடகைக்கு இருந்த வீட்டில், உரிமையாளரின் மகன் கல்யாணமாகிக் குடிவரப் போகிறானாம். தொண்ணூறு நாளில் காலி செய்ய வேண்டும்.

வேதவல்லி வெஸ்ட்மீட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். சாப்பாட்டு இடைவேளையில் மின்னஞ்சலைப் படித்துவிட்டு, கணவன் எப்படித் தவிக்கப் போகிறானோ என்று பயந்துகொண்டே போன் செய்தாள்.

"நல்லதாப் போச்சு," என்றான் வாசுதேவன். "இப்பவாவது சொந்தமா வாங்கலாம்."

பதினொரு வருடத்தில் அவர்களுக்கு இது ஐந்தாவது வீடு. வாசுதேவனுக்கு வீடு மாறுவது புதிதில்லை. அவனுடைய அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். விழுப்புரம், விருத்தாசலம், கரூர் என்று ரயில்வே குவார்ட்டர்ஸிலேயே வளர்ந்தவன். யாராவது காலி செய்யச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். யாரும் சொல்லாவிட்டாலும் மூன்றாவது வருடம் கால் நிலைகொள்ளாது. இரண்டில் எது நிஜமான வாசு என்று வேதவல்லிக்கு இன்னமும் பிடிபடவில்லை.

கிரவீனைச் சுற்றி அவர்களால் வாங்க முடிந்தது இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்ட்தான். இரண்டு பார்த்தார்கள். "அடுக்களையில நின்னா ஹால்ல இருக்கறவன் மூச்சு விடறது கேக்கும்," என்று அவன் தள்ளிவிட்டான். நகரத்தை விட்டு வெளியே போனால் அதே விலைக்கு மரமும் மண்ணுமாக ஒரு வீடு கிடைக்கும், ரயில் மட்டும் இருந்தால் போதும் என்றான். அன்று ராத்திரியே ஒரு பட்டியல் தயாரித்தான். ஊர், நிலத்தின் அளவு, சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிடம், உயர்நிலைப் பள்ளி, காட்டுத் தீ அபாயம், வெள்ள அபாயம்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் காரிலேயே போயின. பிக்டனில் ஒரு செங்கல் வீடு அவனுக்குப் பிடித்திருந்தது. ஆற்று வெள்ளம் வந்த தெரு அது என்று தெரிந்ததும் விட்டான். மிட்டகாங் ரொம்ப அழகு, ஆனால் ரொம்பத் தூரம். குர்ராஜாங்கில் ரயிலே கிடையாது. அது தெரிந்தும் போய்ப் பார்த்தார்கள். போகும்போது அவன் உற்சாகமாக இருப்பான். வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது சுவரைத் தட்டுவான், குழாயைத் திறந்து மூடுவான். திரும்பும் வழியில் மோட்டார்வே வந்து சேருவதற்குள் அடுத்த ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பான். பதிமூன்று வயது மோனிகா பின் சீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள்.

ஐந்தாவது சனிக்கிழமை ப்ளூ மவுண்டன்ஸ் ஏறி ஹேசல்புரூக் போனார்கள். மரப்பலகை வீடு, பச்சைத் தகரக் கூரை. பின்பக்கத் தோட்டம் சரிந்து சரிந்து யூகலிப்டஸ் காட்டுக்குள் இறங்கியது. வீட்டுக்காரி ஹெலன் ஐம்பது வயதுப் பெண்மணி. குவீன்ஸ்லாந்தில் இருக்கும் தங்கையிடம் போகப் போவதாகச் சொன்னாள். மோனிகாவைக் கூட்டிப்போய் மரத்தில் உட்கார்ந்திருந்த கறுப்புக் காக்கட்டூக் கிளிகளைக் காட்டினாள். வாசுதேவன் பின்கட்டில் பத்து நிமிடம் காட்டைப் பார்த்தபடி நின்றான்.

திரும்பும் வழியில் அவன் அடுத்த ஊரைப் பற்றிப் பேசவேயில்லை.

"அங்கேருந்து எவ்வளவு நேரம்?" என்று வேதவல்லி கேட்டாள்.

"சென்ட்ரலுக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம். எனக்கு வாரத்துல மூணு நாள்தான ஆபீஸ்? ரயில்ல உக்காந்தே வேலை பாத்துருவேன்."

"எனக்கு?"

"உனக்கு வெஸ்ட்மீட் வழியிலயே இருக்கே வேதா. என்னைவிடக் கம்மிதான்."

"என் ஷிஃப்ட் காலையில ஆறரைக்கு. அஞ்சு நாள்."

வேதவல்லி போனில் ரயில் நேரத்தைத் தேடினாள். நாலு நாற்பதுக்கு ஒரு வண்டி இருந்தது. பட்டியலில் அவன் போட்டிருந்த நிமிடங்கள் எல்லாம் சென்ட்ரலுக்கு மட்டும்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐந்து வாரமாகக் கூடவே சுற்றியும் அதைக் கவனிக்காமல் இருந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுவாரம் அவள் ஒரு காரியம் செய்தாள். ஹேசல்புரூக்குக்கு அடுத்த ஊரான லாசனில் ஒரு மோட்டலில் செவ்வாய்க்கிழமைக்கு அறை எடுத்தாள். அங்கே தங்கி, புதன்கிழமை காலை அங்கிருந்தே வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றான் வாசுதேவன்.

"வாங்கினப்புறம் தெரிஞ்சுக்கறதுக்குப் பதிலா வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கறேன்."

புதன்கிழமை அதிகாலை லாசன் பிளாட்பாரத்தில் குளிர் எலும்பைப் பிடித்தது. ரயில் ஸ்பிரிங்வுட்டில் நின்றபோது வாசுதேவனுக்குப் போன் செய்து, "ஆமா, ஏறிட்டேன். நீங்க தூங்குங்க," என்றாள். அங்கே ஏறி எதிர் இருக்கையில் உட்கார்ந்த பெண் தலைச்சீலையைச் சரிசெய்துகொண்டு போர்வையை விரித்தாள். வேதவல்லி போனை வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தாள்.

"தமிழ் கேட்டு எவ்வளவு நாள் இந்த ரயில்ல! நான் பரீனா. என்ட ஊர் கல்முனை. புதுசா வந்திரிக்கீங்களா தங்கச்சி?"

பரீனா பாரமட்டாவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்பவள். ஏழு வருடமாக இதே ரயில், இதே பெட்டி. வீடு எப்படி என்று வேதவல்லி கேட்டாள்.

"வீடு நல்ல வீடு. பின்னால மரம், குருவி எல்லாம் இரிக்கி. நான்தான் வீட்டுல இல்ல." சலிப்பில்லாமல் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை மட்டும் இரிக்கன். அண்டைக்கும் நித்திரதான்."

"அப்புறம் ஏன் இருக்கீங்க?"

"என்ட மனுசனுக்கும் புள்ளையளுக்கும் அந்த இடம் உசிரு. அதான்." இதைச் சொல்லிவிட்டு, பாரமட்டா வந்ததும் எழுப்பச் சொல்லிவிட்டுப் போர்வைக்குள் தூங்கிப்போனாள். வேதவல்லி அதற்கு முன்னாடியே வெஸ்ட்மீட்டில் இறங்க வேண்டியிருந்ததால் இறங்கும்போதே எழுப்பிவிட்டாள்.

அன்று மாலை வாசுதேவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். வேறொருவர் ஹேசல்புரூக் வீட்டுக்கு விலை கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் போய்விடும்.

"நான் சொன்னது எதுவும் காதுல விழலையா?"

"விழுந்துச்சு. எனக்கு நாப்பத்தி மூணு வயசு வேதா. இன்னும் ஒருத்தன் மெயில் போட்டா பெட்டியக் கட்டணும். சுவத்துல ஒரு ஆணி அடிக்க அனுமதி கேக்கணும். முடியல." லேப்டாப்பை மூடினான். "அஞ்சு வேலை நாள் அவகாசம் இருக்கு. கையெழுத்துப் போட்டாலும் அதுக்குள்ள வேணாம்னு சொல்லலாம். ஸ்கூல் லீவுதானே? அந்த அஞ்சு நாளும் அங்கேயே போய் இருந்து பாப்போம். நீ வேணாம்னு சொன்னா வேணாம்."

அவன் இப்படிக் கேட்டு அவள் பார்த்ததில்லை. சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டார்கள். ஹெலன் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி விடுமுறைக்கு வாடகைக்கு விடும் ஒரு குடில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை போனார்கள். திங்களன்று வேதவல்லி நாலு நாற்பது வண்டியைப் பிடித்தாள். மாலை திரும்பியபோது மோனிகா தோட்டத்தில் ஹெட்போன் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். செவ்வாயும் அப்படியே போனது. ஆனால் இரண்டு நாளும் இரவு எட்டு மணிக்கு வேதவல்லிக்குக் கண் சொக்கியது. மோனிகா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோதே தட்டின் முன்னால் தூங்கி விழுந்தாள்.

புதன்கிழமை வாசுதேவனுக்கும் ஆபீஸ். மோனிகா தனியாக இருப்பாள். பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் அம்மா கூப்பிடுவாள் என்று ஏற்பாடு. பத்து மணிக்குப் பேசினாள். "காத்து பயங்கரமா அடிக்குதும்மா. சூப்பரா இருக்கு," என்றாள்.

ஒரு மணிக்கு எடுக்கவில்லை. ஒன்றே காலுக்கு, ஒன்றரைக்கு, மறுபடியும். மணியே அடிக்கவில்லை. கூட வேலை பார்க்கும் ஒருத்தி செய்தியைக் காட்டினாள். மலையில் புயல்காற்று. மரங்கள் மின்கம்பிமேல் விழுந்திருந்தன. மலையடிவாரத்தில் இருக்கும் பென்ரித்துக்கு மேலே ரயில் இல்லை. பல ஊர்களில் மின்சாரமும் போன் தொடர்பும் இல்லை.

வேதவல்லி வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்டேஷனுக்கு ஓடினாள். வாசுதேவனும் நகரத்திலிருந்து கிளம்பிவிட்டான். நாலு மணிக்கு பென்ரித்தில் சந்தித்தார்கள். அவர்களுடைய கார் ஹேசல்புரூக் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தது. மாற்றுப் பேருந்துக்கு முந்நூறு பேர் நின்றார்கள். டாக்சிகள் மலைக்கு வர மறுத்தன. போலீஸுக்குப் போன் செய்தால், முடிந்தபோது ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

ஐந்தரைக்குப் பேருந்து கிடைத்தது. நெடுஞ்சாலையில் ஒரு பாதைதான் திறந்திருந்தது. வண்டிகள் ஊர்ந்தன. வேதவல்லி ஜன்னலில் நெற்றியை வைத்து ஸ்டேஷன் ஸ்டேஷனாக எண்ணினாள். வாசுதேவன்மேல் வைத்திருந்த கோபத்தைத் தேடிப்பார்த்தாள், காணவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது. பக்கத்தில் அவன் போனில் பட்டியலைத் திறந்தான். கடைசிக் கட்டம்வரை தள்ளிப் பார்த்துவிட்டு மூடினான்.

"இதுல மோனிகாவுக்குன்னு ஒரு கட்டம்கூட இல்ல வேதா," என்றான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழே காலுக்கு இறங்கி இருட்டில் தெருவுக்கு ஓடினார்கள். குடிலில் வெளிச்சமில்லை. கதவு பூட்டியிருந்தது. வாசுதேவன் மகள் பெயரைக் கத்திக்கொண்டே கதவை இரண்டு கையாலும் அறைந்தான். வேதவல்லி போன் வெளிச்சத்தை அடித்தபோதுதான் கதவு இடுக்கில் செருகியிருந்த காகிதம் தெரிந்தது. ஹெலன் வீட்டில் இருக்கிறேன் என்று எழுதியிருந்தது.

ஹெலன் வீட்டில் கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மோனிகா ஹெலனோடு சீட்டாடிக்கொண்டிருந்தாள். பெற்றவர்களைப் பார்த்ததும் சீட்டைக் கீழே வைத்தாள்.

"நோட் வச்சேனே! எதுக்கு அழறீங்க? யூ கைஸ் லுக் டெரிபிள்."

வேதவல்லி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். வாசுதேவன் உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஹெலன் அவனுக்கு ஒரு கோப்பை டீ கொண்டுபோய்க் கொடுத்து, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை இப்படி ஆகும், பழகிவிடும் என்றாள். அவன் கோப்பையைக் குடிக்காமலேயே படியில் வைத்தான்.

மறுநாள் இருவரும் விடுப்பு எடுத்தார்கள். காலையில், "வேணாம்னு எழுதிடறேன்," என்றான் வாசுதேவன்.

"நான் பயப்படவே இல்ல," என்றாள் மோனிகா. "பயந்தது நீங்க ரெண்டு பேரும். எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு. ஃபர்ஸ்ட் டைம்."

வேதவல்லிக்கு அந்தச் சொல் தைத்தது. தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதே இல்லாமல் போய்விட்டது. ஆனால் அதில் நிம்மதி வரவில்லை. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"நேத்து மாதிரி வருஷத்துக்கு மூணு நாள் வந்தாக்கூட நான் சமாளிச்சுருவேன் மோனி. மத்த நாள்தான் எனக்கு முடியாது. திங்கக்கிழமை நீ என்கிட்ட என்ன சொன்ன, ஞாபகமிருக்கா?"

"அந்தப் பறவையப் பத்தி."

"எனக்கு ஒரு வார்த்தை ஞாபகமில்ல. தூங்கிட்டேன்."

மோனிகா எழுந்து தோட்டத்துக்குப் போனாள். வாசுதேவன் வீடு வேண்டாம் என்று வக்கீலுக்கு மின்னஞ்சல் அனுப்பினான். அவகாசத்தில் ஒரு நாள் மிச்சமிருந்தது.

ஆகஸ்டில் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் அபார்ட்மெண்டுக்கு வாடகைக்குப் போனார்கள். மோனிகா ஒரு மாதம் வரை அப்பாவோடு சரியாகப் பேசவில்லை. வாசுதேவன் பாதிப் பெட்டிகளைப் பிரிக்கவேயில்லை. மாலையில் வேலை முடிந்ததும் பால்கனிக்கும் கதவுக்குமாக நடப்பான். பட்டியலை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதியபோது வேதவல்லியையும் மோனிகாவையும் கூட உட்காரச் சொன்னான். மூன்று பேரும் அவரவருக்கு எது முடியாது என்பதை மட்டும் எழுதினார்கள். மோனிகா, "மரம் இல்லாத தெரு" என்று எழுதினாள். வேதவல்லி, "ஐந்து மணிக்கு முன்னால் ரயில்" என்று எழுதினாள். வாசுதேவன் ரொம்ப நேரம் யோசித்து, ஒன்றும் எழுதாமல் பேனாவை வைத்துவிட்டான்.

மார்ச் மாதம் எமு பிளெயின்ஸில் வாங்கினார்கள். மலையின் அடிவாரத்தில், ஆற்றுக்கு மலைப் பக்கமாக, சாதாரணச் செங்கல் வீடு. வெஸ்ட்மீட்டுக்கு முக்கால் மணி நேரம். தெருவில் வரிசையாக மரங்கள் இருந்தன. காடு இல்லை. ஹேசல்புரூக் பின்கட்டில் நின்றதுபோல வாசுதேவன் இங்கே எங்கேயும் நிற்கவில்லை. பிடித்திருக்கிறதா என்று கேட்டால், "பரவால்ல, இருந்து பாக்கலாம்," என்பான்.

குடிவந்த முதல் சனிக்கிழமை எங்கேயும் போக வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கே வாசுதேவன் சட்டை மாற்றி, கார் சாவியை எடுத்துக்கொண்டு ஹாலில் நின்றான்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் வேதவல்லி.

அவனுக்கே தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்தான். வெயில் நேராக உள்ளே அடித்தது.

"திரைச்சீலைக்குக் கம்பி வாங்கணும்ல?"

"அளவு எடுத்தீங்களா?"

அவன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு அளவுநாடாவைத் தேடப் போனான். மோனிகா நாற்காலியை இழுத்துப்போட்டு ஜன்னலுக்குக் கீழே பிடித்துக்கொண்டாள்.