தொப்பையில்லாத பாய்

என் வீட்டுக்காரர் மருதப்பனுக்கு நாற்பத்தொன்பது வயதில் பாய்மரப் படகுப் பைத்தியம் பிடித்தது. மற்ற ஆம்பிளைகளுக்கு அந்த வயதில் என்னென்னவோ பிடிக்கிறது, இவருக்குப் படகோடு போயிற்றே என்று முதலில் நான் சந்தோஷம்கூடப் பட்டேன். அறுபத்தேழாம் வருஷம் அது. சிங்கப்பூர் கேம்பல் லேனில் எங்களுக்குத் தையல் கடை. அவர் வெட்டுவார், தைப்பார். நான் காஜா எடுப்பேன், பொத்தான் கட்டுவேன், அவர் தப்பாய்த் தைத்ததைப் பிரிப்பேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கடைசி வேலைக்கு மட்டும் எனக்குப் பஞ்சமே வந்ததில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் பார்லோ என்கிற வெள்ளைக்காரர். சிலேத்தார் விமானத் தளத்தில் அவருக்கு உத்தியோகம், எங்களிடம்தான் கால்சட்டை தைப்பார். ஒரு நாள் அளவு கொடுக்க வந்தபோது, பொங்கோல் கரையில் தனக்கு யாட் என்கிற பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து பார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது பேச்சுக்கு. இவர் நிஜமாகவே முதல் பஸ் பிடித்துப் போய் நின்றுவிட்டார்.

அன்று மத்தியானம் திரும்பி வந்தவரைப் பார்த்தால் ஆளே வேறு மாதிரி இருந்தார். முகம் கருத்து, சட்டையில் உப்புப் பூத்திருந்தது. சோறு போட்டால் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"சத்தமே இல்ல சந்திரா," என்றார். "என்ஜின் இல்ல, துடுப்பு இல்ல. சும்மா போவுது."

இதையே அன்றைக்குள் நாலு தடவை சொன்னார். நான் ரசத்தை ஊற்றினேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் பொங்கோல்தான். பார்லோ நல்ல மனுஷர், பொறுமையாகவே கற்றுக்கொடுத்தார். இவருக்கு வராததுதான் கஷ்டம். கயிற்றுக்குப் பெயர் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார், முடிச்சு அழகாய்ப் போடுவார், ஆனால் காற்று மட்டும் இவர் பேச்சைக் கேட்காது. இரண்டு மாதம் கழித்து, காற்று பலமாய் அடிக்கும்போது படகு சாயாமல் இருக்க எதிர்ப்பக்கம் உட்கார இன்னும் ஒரு ஆள் வேண்டும், கொஞ்சம் கனமாய் இருந்தால் நல்லது என்று பார்லோ சொன்னாராம். இவர் வீட்டுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள், எந்தச் சேலை கட்டிக்கொண்டு வரவேண்டும் என்று கேட்டேன்.

அப்படித்தான் நான் கடலுக்குப் போனேன், பாரத்துக்கு வைக்கிற மணல் மூட்டைக்குப் பதிலாக.

பன்றிப் பண்ணை வாடையைத் தாண்டி பஸ் கரையில் விடும்போது விடிந்தும் விடியாமலும் இருக்கும். தண்ணீருக்கு அந்நேரம் நிறமே இருக்காது. ஜோகூர்ப் பக்கத்துக் கரை ஆவிக்குள் பாதி தெரியும், பாதி தெரியாது. படகு கரையை விட்டு நகர்ந்ததும் கடை, தையல் மெஷின், ஈப்போவில் கட்டிக்கொடுத்த மகளின் மாமியார் எழுதும் கடிதங்கள், எல்லாம் எங்கேயோ தூரத்தில் யாருக்கோ நடப்பது போல ஆகிவிடும். எனக்கு வேலையே உட்காருவதுதான். உட்கார்ந்துகொண்டே இருந்ததில், காற்று வருவதற்கு முன்னாலேயே அது எனக்குத் தெரிய ஆரம்பித்தது. முதலில் காது மடலில் சில்லென்று இருக்கும். அடுத்த மூச்சில் தண்ணீர் கறுக்கும். அதற்கப்புறம்தான் பாய் அசையும். இவர் பாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதால் எப்போதும் ஒரு நிமிஷம் பிந்திப் போவார். நான் சொல்லவில்லை. மூட்டைக்கு எதற்கு வாய்?

மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில் இவர் துணி வெட்டும் பலகையில் மல்லாந்து படுத்துக்கொண்டு கனவு காண்பார், சத்தமாக. சொந்தமாய் ஒரு யாட் வாங்குவாராம். பத்தாம் தீவுக்குப் போவாராம், பிறகு மலாக்கா, அப்புறம் லங்காவி. நங்கூரம் போட்ட இடத்தில் மீன் பிடித்துச் சோறு பொங்கிச் சாப்பிடுவோமாம். பொங்குவது யார் என்று கேட்பேன். கேட்டுவிட்டுக் காஜாவைக் குனிந்து பார்ப்பேன், என் கண்ணிலும் அந்தத் தண்ணீர் ஆடிக்கொண்டிருக்கும். அதை அவரிடம் சொன்னதில்லை.

அறுபத்தெட்டு பிறந்ததும், வெள்ளைக்காரப் பட்டாளம் சிங்கப்பூரைக் காலி செய்யப்போகிறது என்று பேப்பரில் வந்தது. சிராங்கூன் ரோடு முழுக்க ஒரே கவலை. தளத்தில் வேலை பார்த்தவர்கள் வீட்டிலெல்லாம் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கும் கால்சட்டை வாடிக்கை போகும். ஆனால் இவர் முகத்தில் வேறொரு வெளிச்சம் தெரிந்தது. பார்லோ ஊருக்குப் போகப்போகிறார், படகைக் கொண்டு போக முடியாது.

பார்லோவும் இவருக்கே தருவதாய்ச் சொன்னார், எங்களால் முடிந்த விலைக்கே. ஒரு கண்டிப்பு மட்டும் போட்டார். ஓட்டத் தெரியாதவனுக்கு விற்று அவன் மூழ்கிச் செத்தால் அந்தப் பாவம் தனக்கு வேண்டாம், அதனால் மார்ச் கடைசி ஞாயிறு, தான் கரையில் நிற்கும்போது, இவர் தன் கையால் படகைச் சிராங்கூன் தீவின் கிழக்கு முனைவரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வரவேண்டும். வந்தால் படகு இவருக்கு. இல்லாவிட்டால் தளத்தில் வேறொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அதற்கு முந்தின வாரம் பாயின் ஓரத்தில் ஒரு கிழிசல். இவரே தைத்துத் தருவதாகக் கடைக்குத் தூக்கி வந்துவிட்டார். கிழிசலை அழகாய்த் தைத்தார். அதோடு விட்டிருக்கலாம். பாயைத் தரையில் விரித்துப் பார்த்தார். அது படியவில்லை. ஓரங்களை இழுத்துப் பிடித்தால் நடுவில் பொம்மென்று எழும்பி நின்றது. இவருக்குக் கண்ணில் மண் விழுந்தது போல ஆகிவிட்டது. ஆயுசு பூராவும் தொப்பை விழாமல், சுருக்கம் விழாமல் தைத்த மனுஷர். எந்த மடையன் வெட்டினான் இதை என்றார். பாய்மரத்தோடு சேரும் ஓரத்தில் இரண்டு, கீழ் ஓரத்தில் இரண்டு, ரவிக்கைக்குப் பிடிப்பது போல நாலு பிடிப்புப் பிடித்துத் தைத்தார். இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி பாய் தரையில் படிந்தது. இவர் எட்டி நின்று பார்த்துத் தலையை ஆட்டினார். குண்டூசி எடுத்துக் கொடுத்தது நான்தான், பழியில் எனக்கும் பங்கு உண்டு.

அந்த ஞாயிறு வந்தது. மெல்லிய காற்றுதான். கரையோரத்தில் அதுவும் இல்லாமல் பாய் துவண்டு தொங்கியதால் பார்லோவின் கண்ணிலும் ஒன்றும் படவில்லை. படகுத்துறைப் பலகையில் நின்று கையை ஆட்டினார்.

வெளியே வந்ததும் காற்று வந்தது. என் காதில் நன்றாகவே வந்தது. படகு நகரவில்லை. பாய் விறைப்பாய் நின்றது, அவ்வளவுதான். இவர் கயிற்றை இழுத்துப் பார்த்தார், விட்டுப் பார்த்தார், சுக்கானை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளினார். கீழே நீரோட்டம் எங்களைப் பின்னால் கொண்டு போய்க்கொண்டிருந்தது. மீன் பிடிக்கிற கேலோங் கம்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பெரிதாகி வந்தன. இவர் நெற்றியில் வேர்வை. மனுஷர் வாழ்க்கையில் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, அது கண்ணெதிரே பின்பக்கமாய்ப் போய்க்கொண்டிருக்கிறது.

அப்போது யாரோ ஒரு மலாய்க்காரர் தன் படகில் எங்களைத் தாண்டிப் போனார். பழைய, ஒட்டுப்போட்ட பாய். நிறைமாதக்காரி வயிறு போல முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது.

"அந்தப் பாயப் பாருங்க," என்றேன். "அதுக்குத் தொப்பை இருக்கு. நம்மளதுக்கு இல்ல."

அவர் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். தான் செய்தது என்னவென்று அவருக்குப் புரிந்த நிமிஷத்தில் முகம் சுருங்கிப் போனதை நான் இப்போது நினைத்தாலும் தாங்க முடியவில்லை.

"பாய இறக்குங்க," என்றேன்.

இடுப்பில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரி செருகியிருப்பேன். பாயை மடியில் வாங்கிப் போட்டுக்கொண்டு பிரித்தேன். நாலு பிடிப்பும் இரட்டைத் தையல், மெழுகு நூல். சண்டாளர், அன்றைக்கென்று அவ்வளவு உறுதியாய்த் தைத்திருந்தார். கடைசித் தையலைப் பிரிக்கும்போது கேலோங் கம்பத்தில் உட்கார்ந்திருந்த கொக்கின் கால் நகம்கூடத் தெரிந்தது. பாயை ஏற்றினோம். இவர் சுக்கானைத் தொட்டார். தொட்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

"என்னால முடியல சந்திரா. நீ பிடி லா."

நான் அதற்கு முன்னால் அதைத் தொட்டதுகூட இல்லை. பிடித்தேன். காது மடல் சில்லிட்டது, சுக்கானை நகர்த்தினேன், தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது, பாய் பொம்மென்று நிறைந்தது. படகு போயிற்று. கம்பங்கள் பின்னால் போயின, கொக்கு போயிற்று. சுக்கான் கட்டைக்கு அடியில் தண்ணீர் ஓடுவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. சத்தமே இல்லை. இவர் நாலு தடவை சொன்னது எதை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தீவின் முனையில் வெயில் தண்ணீர் மேல் தூளாய் உதிர்ந்துகொண்டிருந்தது, அதற்குள்ளே போய்த் திரும்பினோம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாற்பத்துநாலு வயதுவரை நான் எதையும் எனக்கென்று கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை. அன்றைக்குத் தோன்றிற்று.

கரை தெரிந்தது. பார்லோ இன்னும் புள்ளியாகத்தான் இருந்தார். இந்தாங்க, பிடிங்க, அவர் பார்க்கிறார் என்று சுக்கானை இவரிடம் கொடுத்தேன். நான் கொடுக்கத்தான் வேண்டும், ஆசை அவருடையது. இவர் வாங்கிக்கொண்டு, கடைசித் தூரத்தைத் தட்டுத் தடுமாறிக் கொண்டுவந்து சேர்த்தார்.

பார்லோ துள்ளிக் குதிக்காத குறை. இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலில் தான் கொஞ்சம் பயந்துவிட்டதாய்ச் சொன்னார், அப்புறம் என்னமாய் ஓட்டினாய் என்றார். பையிலிருந்து படகு விற்பனைக் காகிதத்தை எடுத்து, அங்கே கிடந்த ஒரு பெட்டி மேல் விரித்துப் பேனாவையும் நீட்டினார். இவர் வாங்கினார். நான் சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டே வேறு பக்கம் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

பேனா ஓடும் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். இவர் அதைக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்திருந்தார்.

கடையில் யாருக்காவது சட்டை இறுகிப் பிடித்தால், உங்களுக்கு உடம்பு பெருத்துவிட்டது என்பார். தன் தையல் தப்பு என்று ஒரு வாடிக்கையாளரிடம் இவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது. அன்றைக்குச் சொன்னார், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஒவ்வொரு வார்த்தையாக: பாயை நான்தான் கெடுத்தேன். இவள்தான் பிரித்துச் சரி செய்தாள். போனது, திரும்பினது, எல்லாம் இவள். நான் உட்கார்ந்து வந்தேன்.

பார்லோ என்னைப் பார்த்தார், பாயில் இருந்த ஊசித் துளைகளைப் பார்த்தார். பிறகு காகிதத்தை மெல்ல என் பக்கம் திருப்பி வைத்தார்.

வேண்டாம், அவரே போடட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்துப் பெண்பிள்ளை யாராய் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். இவர் எனக்குப் பக்கத்திலேயே நின்றார், மூச்சு விடுவதுகூடக் கேட்டது. இவர் முகத்தைப் பார்த்தால் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று தெரியும். அதனால் பார்க்கவில்லை. சந்திரமதி என்று தமிழில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அந்தப் படகு வேண்டியிருந்தது.