கண்ணாடிக்குக் கற்பூரம்

கோபம் வந்தால் 'முருகா' என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் நித்யஸ்ரீ வாயைத் திறப்பாள். அன்று முருகனாலும் முடியவில்லை.

அந்தப் பொறியியல் கல்லூரியில் அவள் தலைமையில் குழு செய்த தொலைநோக்கி, டிபன் கேரியர் உயரம்தான். சின்னச் செயற்கைக்கோளில் ஏறிப்போய், தூரத்து விண்மீன் திரள்களின் புற ஊதா ஒளியைப் பிடிக்க வேண்டும். காற்றை உறிஞ்சி வெளியேற்றிய கலத்துக்குள் வைத்து விளக்கொளி காட்டிச் சோதித்தார்கள். வெள்ளிக்கிழமை நன்றாகப் பார்த்த கருவி, திங்கட்கிழமை பாதி ஒளியை விழுங்கியது. அதன் கண்ணாடியோ கண்ணுக்குப் பளிச்சென்றே இருந்தது.

"சனிக்கிழம ஜாவித்துதானுங்களே இருந்தான்? கைய வெச்சிருப்பான். அவன டீம்ல இருந்து எடுத்துப்போடுங்க அம்மணி" என்றார் தாளாளர் லட்சுமணசாமி.

ஆய்வு மாணவன் ஜாவித் அதற்குள் பையைக் கட்டிவிட்டிருந்தான்.

"நான் பெருந்துறைக் கல்யாணத்துக்குப் போன நேரத்துல என்னடா நடந்துச்சு?" என்று அவனிடம் கேட்டாள் நித்யஸ்ரீ.

"தாளாளர் ஐயாவே விருந்தாளிகளோட வந்தாங்க அக்கா. பூஜை போட்டுப் போட்டோ எடுக்கோணும்னு மூடியத் தொறக்கச் சொல்லி, கற்பூரம் காட்டுனாங்க."

"கண்ணுக்குத் தெரியாத புகைப் படலமே புற ஊதா ஒளிய முழுங்கிரும்னு தெரியாதா? வேண்டாம்னு சொல்ல வாயில்லையா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நான் சொல்லியிருந்தா, கண்ணாடிக்காகத்தான் சொன்னேன்னு எத்தன பேரு நம்பியிருப்பாங்க அக்கா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு பிள்ளையை 'வேண்டாம்' என்று சொல்லவே அஞ்சவைத்துவிட்டுக் காட்டும் தீபம் எந்தத் தெய்வத்தைப் போய்ச் சேரும்? விறுவிறுவென்று தாளாளர் அறைக்கு நடந்தாள்.

"சாமி காரியத்தத் தப்புங்கறீங்களா?" என்றார் அவர்.

"நானும் கிருத்திக தவறாம மருதமல ஏறுறவதானுங்க. வாசல்ல நின்னு கும்பிட்டாச் சாமி ஏத்துக்காதுங்களா? நீங்க காட்டுனது சாமிக்கில்லீங்க, போட்டோவுக்கு. கண்ணாடியக் கெடுத்தது நீங்க, பழி அவனுக்குங்களா? அவன எடுத்தா என்னையும் எடுத்துப்போடுங்க."

லட்சுமணசாமி மேசைமேல் இருந்த பூஜைப் போட்டோவைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "இப்ப என்னதான் பண்றது?" என்றார்.

"மாத்துக் கண்ணாடி ஒண்ணு இருக்குதுங்க. ஜாவித்துதான் அத மாட்டித் திரும்பச் சோதிக்கோணும். அவங்கிட்டயே போய்க் கேளுங்க."

"நானா?"

"நீங்கதானுங்க. கூப்பிட்டு அனுப்பாதீங்க, போயே கேளுங்க."

போனார். நாமமிட்ட நெற்றி வியர்த்திருக்க, செருப்பைக் கழற்றிவிட்டு ஆய்வுக்கூட வாசலில் நின்றார். "ஏஞ்சாமி ஜாவித்து, தப்பு எம்மேலதான். இருந்து சரிபண்ணிக் குடு கண்ணு" என்றபடி ஒரு காலை உள்ளே வைத்தார்.

ஜாவித் கையை நீட்டித் தடுத்தான்.

"அங்கயே நில்லுங்க ஐயா. தூசி ஒட்டாத அங்கி போடாம உள்ள வரக்கூடாதுங்க."

லட்சுமணசாமி வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார்.

"சரிங்க" என்றார்.