தட்டு மறையும் ஆழம்

உசுனின் புருஷன் ஜாலோங், பாராம் ஆற்று மடுவில் பன்னிரண்டு முழ ஆழத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். படகு கவிழ்ந்து செத்து ஒன்பது வருஷம். அப்படியே அங்கே தங்கிவிட்டான். மலைத்தண்ணீர் அத்தனை தெளிவு. பல் தேய்க்க இறங்குகிற, ஊரே ஒரே கூரையின் கீழ் குடியிருக்கும் நீளவீட்டுக்காரர்கள் அவனுக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். உசுன் அரிசி களைந்தபடி வீட்டுச் சண்டையெல்லாம் அவனிடம் கொட்டுவாள். "எங்கண்ணன் உசிரோட இருந்தப்போ இவ்ளோ பொறுமையா கேட்டதே இல்லையே!" என்று நாத்தனார் சீண்டுவாள்.

மேலே மரம் வெட்ட ரோடு போட்ட வருஷம் ஆறு கலங்கத் தொடங்கியது. கலங்கலை அளக்க ஆள் தேடி வந்த அதிகாரி, கறுப்பும் வெள்ளையுமாகச் சாயம் பூசிய தட்டு ஒன்றையும், முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றையும் உசுனிடம் தந்தார். தட்டை இறக்கு, எத்தனையாவது முடிச்சில் கண்ணுக்கு மறைகிறதோ அதை எழுது, அவ்வளவுதான் வேலை. அந்த வருஷம் பதினொன்று; ஜாலோங்குக்கு நெஞ்சுக்குக் கீழே தெரியவில்லை. மறு வருஷம் பத்து, உச்சிமுடி மட்டும். அதற்கடுத்த வருஷம் நாலு, ஆளையே காணோம்.

உசுன் நோட்டைக் காட்டி அழுதாள். அதிகாரி நல்ல மனுஷர்தான். தாமே பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். படகில் ஒரு நாள், லாரியில் ஒரு நாள், நகரத்து மேசையில் நாலு நாள். சேறெல்லாம் அடியில் படிந்துவிட, குலுக்காமலே மேல்தண்ணீரைச் சோதித்தார்கள். ஆறு சுத்தம் என்று முத்திரை குத்திய கடிதம் வந்தது. "குலுக்கிப் பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டேனே, பாவி!" என்று உசுன் தலையில் அடித்துக்கொண்டாள். மரம் வெட்டுவது நிற்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கயிறு கனத்தது. இழுத்தாள். தட்டைப் பிடித்தபடி ஜாலோங் மேலே வந்தான். மூக்கிலும் காதிலும் சேறு. திறந்திருந்த கண்கள் இரண்டும் ஆற்று நிறம்.

"யாரது?"

"நாந்தான், உசுன்."

"ஒண்ணும் தெரியல புள்ள. கழுத்து வரைக்கும் மண்ணு ஏறிடுச்சு, அங்க உட்கார முடியல. தண்ணி எப்பத் தெளியும்?"

"தெளிஞ்சிடுச்சாம். கடுதாசி வந்திருக்கு."

வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பாயில் உட்கார வைத்தார்கள். நாத்தனார் கழுவக் கழுவ அவன் கண்ணிலிருந்து செந்தண்ணீரே வந்தது. உசுன் தட்டை அவன் முகத்துக்கு எதிரே ஒரு முழத்தில் பிடித்தாள், அரை முழத்தில் பிடித்தாள், கடைசியில் மூக்கை ஒட்டிப் பிடித்தாள்.

"தெரியுதா?"

"எது?" என்றான்.

தட்டை வைத்துவிட்டுத் தன் முகத்தைக் கொண்டுபோனாள். அதற்கும் அதையே கேட்டான். அன்றைக்கு நோட்டில் பூஜ்யம் என்று எழுதினாள். பிறகு இலையில் கட்டிவைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, சோற்றை அவன் கையில் வைத்தாள்.