தூக்கிப் போடு

குளிர்பதனக் கிடங்கு கால்பந்து அணியின் ஆட்டத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பின்னாலிருந்து பீரங்கி என்று பட்டப்பெயர் வாங்கியவன் தூக்கி அடிப்பான், முன்னால் கொடிக்கம்பம் என்கிற நெட்டை மனிதர் எகிறித் தலையால் முட்டுவார். மீதி ஒன்பது பேர் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பது ஒரு மரியாதைக்காக. நடுவில் ஆடும் சாமியார் ஆட்டம் முழுக்க அண்ணாந்தே நிற்பார். பந்து தலைக்கு மேலே அந்தப் பக்கம் போகும், கொஞ்ச நேரம் கழித்து இந்தப் பக்கம் வரும். முடிந்ததும் கழுத்து வலிக்கிறது என்று தைலம் கேட்பார். எதிரணிக்காரர்கள் இவர்களுக்கு 'ஏர்போர்ட்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். ஆனால் கொடிக்கம்பம் எகிறும்போது அதே ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இது சும்மா வந்த பழக்கம் இல்லை. கிடங்குக்குப் பின்னால் இவர்கள் ஆடிப் பழகிய இடத்தில் பகலெல்லாம் லாரிகள் நிற்கும். கணுக்கால் ஆழத்துக்கு டயர் தடங்கள். தரையில் உருட்டிய பந்து பள்ளத்தில் விழுந்து தன் இஷ்டத்துக்குத் திரும்பிப் போகும். காற்றில் பள்ளம் இல்லையே, அதனால் காற்றிலேயே அனுப்பினார்கள். பிறகு கம்பெனி ரோலர் விட்டுத் தரையைச் சமன் செய்து கொடுத்தது. அப்போதும் ஒருவருக்கும் தரைமேல் நம்பிக்கை வரவில்லை.

கொடிக்கம்பம் பீரங்கிக்கு அக்கா புருஷன். பீரங்கி கிடங்கில் மூட்டை தூக்குகிறவன், அவர் அங்கேயே சரக்கு ஏற்றி இறக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிறவர். அம்மா அப்பா இல்லாத தம்பியை அக்கா கல்யாணத்துக்குப் பிறகும் தன்னோடேயே வைத்துக்கொண்டாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. வாசற்படி நிலையில் அவர் தலை இடிக்காத நாளே கிடையாது. "இந்தத் தலை எத்தனை பந்தைத் தாங்குது, ஒரு கட்டையைத் தாங்காதா?" என்று அவரே சிரிப்பார்.

அந்தத் தலைக்குள்தான் வினை இருந்தது. போன வருஷம் இடது கண்ணில் புள்ளி புள்ளியாகப் பறக்கிறது என்றார். தூசி என்று நினைத்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது விழித்திரை கழன்று விழுந்திருந்தது, ஒன்றும் செய்வதற்கில்லை. இந்த வருஷம் வலது கண்ணிலும் அதே பூச்சி பறந்தது. இந்த முறை அக்கா கையோடு இழுத்துப் போனதால் கிழிசல் சின்னதாக இருக்கும்போதே லேசர் வைத்து ஒட்டினார்கள். டாக்டரம்மா ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: "இன்னொரு தடவை தலையில பந்து பட்டா இதுவும் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

நின்றுவிட வேண்டியதுதானே என்று யாரும் கேட்பார்கள். சீசன் நடுவில் நின்றால் ஏன் என்று கேட்பார்கள், கண் விஷயமோ கம்பெனிக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே வண்டிச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். அவர் ஒற்றைக் கண்ணோடுதான் ஓட்டிக்கொண்டிருந்தார். எந்த ரேக் எங்கே என்பது கைக்குத் தெரியும் என்று சமாதானம் சொல்வார். சரியா தப்பா என்றால் தப்புதான், ஆனால் அந்த வண்டியை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. முழங்கால் வலி என்று பொய் சொல்லலாமா என்று யோசித்தார்கள். கம்பெனி டாக்டர் எந்த வலிக்கும் முதலில் கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்கிற ஆள். ஆக, சீசனின் கடைசி ஆட்டம் ஒன்றை எப்படியாவது ஒப்பேற்றிவிட்டு, வயசாகிவிட்டது என்று கௌரவமாக ஒதுங்கிக்கொள்வது என முடிவானது.

ஆட்டத்தன்று காலை, அக்கா சமையலறை ஸ்டூலில் புருஷனை உட்கார வைத்து அண்ணாந்து பார்க்கச் சொல்லி மருந்து விட்டாள். கண்ணை மூடி அவர் உட்கார்ந்திருக்க, தம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

"பந்தை அடிக்கிறது நீ. நீ அடிக்கலேன்னா இவர் தலைக்கு அது எப்படிடா வரும்?"

"வராதுக்கா."

"வாய்க்கு வந்ததைச் சொல்லாதே. என் தலை மேல கை வெச்சுச் சொல்லு."

கை வைத்துச் சொன்னான். மனதாரச் சொன்னான். அதில் பொய் இல்லை.

கொடிக்கம்பம் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "ரெண்டு பேரும் என்னை என்னமோ கண்ணாடிச் சாமான் மாதிரி பேசுறீங்க. நான் போய் நிக்கப்போறேன், அவ்வளவுதான். பந்து வந்தா குனிஞ்சுக்கறேன்."

பஸ் டிப்போ அணியோடு ஆட்டம். டிரா ஆனாலே போதும், இல்லையென்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கவேண்டும். கீழ்ப் பிரிவு அணிக்குக் கம்பெனி சட்டை தைத்துத் தராது என்று டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் முன்பே சொல்லியிருந்தார். அவர்தான் இவர்களுக்குக் கோச். கால்பந்து பற்றி அவருக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தை: தூக்கிப் போடு.

முதல் பந்து காலுக்கு வந்ததும் பீரங்கி அதைச் சாமியாரிடம் உருட்டிவிட்டான். சாமியார் வழக்கம்போல அண்ணாந்து நின்றிருந்தார். பந்து காலில் வந்து முட்டியதும் யாரோ கூப்பிட்டது போலக் குனிந்து பார்த்தார். அதற்குள் டிப்போக்காரன் ஒருவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"டேய், என்னடா புதுசா?" என்று சூப்பர்வைசர் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார். "தூக்கிப் போடுடா!"

அடுத்த பந்தைப் பீரங்கி ஓரத்துக்கு அடித்தான். அங்கே யாரும் இல்லை. அதற்கடுத்ததை வேலிக்கு வெளியே அடித்தான். வேண்டுமென்றே கேவலமாக ஆடுவது சுலபம் என்று நினைத்திருந்தான். அது அப்படி இல்லை, ஒவ்வொரு தடவையும் காலை வேறு பக்கம் திருப்ப அவன் உடம்பையே முறுக்க வேண்டியிருந்தது. கொடிக்கம்பம் முன்னால் நின்று கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நன்றாகப் போகிறது என்பதுபோல அவனைப் பார்த்துத் தலையாட்டினார்.

இடைவேளையில் சூப்பர்வைசர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "வீட்ல மாமனுக்கும் மச்சானுக்கும் சண்டையா? இருந்தா அதை வீட்லயே வெச்சுக்கோ."

"சண்டை எல்லாம் இல்ல சார்."

"அப்புறம் ஏன் அவர் பக்கம் பந்தே போக மாட்டேங்குது? அவர் என்ன காட்சிக்கு வெச்ச பொம்மையா?"

பீரங்கி குனிந்து ஷூ கயிற்றை இழுத்துக் கட்டினான். உண்மையைச் சொன்னால் வண்டி போகும், சொல்லாவிட்டால் மானம் போகிறது. போகட்டும், மானம்தானே என்று நினைத்தான்.

இரண்டாம் பாதியில் வேடிக்கையாக ஒன்று நடந்தது. சாமியாருக்குப் பழகிவிட்டது. பந்து காலுக்கு வரும் என்று தெரிந்ததும் குனிந்து நிற்க ஆரம்பித்தார். ஒருமுறை வாங்கி அவராகவே நாலு அடி ஓடி, பக்கத்தில் இருந்தவனுக்குச் சரியாகத் தள்ளியும் விட்டார். இத்தனை வருஷமும் இந்த ஆள் ஆடத் தெரிந்தவராகவே இருந்திருக்கிறார், யாரும் பந்தைக் கொடுத்துப் பார்க்கவில்லை. பீரங்கி அடுத்த பந்தையும் அவருக்கே உருட்டினான். இப்படியே போனால் ஒப்பேறிவிடும் போலிருந்தது.

ஆட்டம் முடியும் தறுவாயில் டிப்போக்காரர்கள் கோல் போட்டார்கள். ஓரமாக ஒருவன் ஓடி வந்து கொடுத்தான், இன்னொருவன் காலை நீட்டினான், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வேலியோரம் நின்ற கிடங்குக்காரர்கள் எல்லோரும் கத்த ஆரம்பித்தார்கள். தூக்கிப் போடு, தூக்கிப் போடு. கோல் கீப்பரும் கத்தினான். ரெஃப்ரி விசிலை வாய்க்குக் கொண்டுபோகிற நேரம், பந்து பீரங்கியிடம் வந்தது. அவனை யாரும் நெருங்கவில்லை. சாமியார் பக்கத்திலேயே தனியாக நின்று, "இங்க, இங்க குடு" என்று கையைக் காட்டினார். பீரங்கி அவரைப் பார்த்தான். அவருக்குத்தான் கொடுக்கப் போகிறோம் என்று நினைத்தான். நினைத்தது அவனுக்கு இன்றும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கால் அதற்குள் வீசிவிட்டிருந்தது.

கொடிக்கம்பம் அப்போது கோலைப் பார்த்து, இவனுக்கு முதுகைக் காட்டி நின்றார். பந்து வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, கையைத் தூக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பீரங்கியின் ஷூவில் பந்து பட்ட சத்தம் கேட்டதும் திரும்பினார். அந்தச் சத்தம் அவருக்குச் சொந்தக்காரன் குரல் மாதிரி. பீரங்கி வாயைத் திறந்து "வேணாம் மாமா" என்று கத்தினான். அத்தனை கூச்சலில் அது யார் காதில் விழும்? குனிந்துகொள்கிறேன் என்று சொன்ன மனிதர், இரண்டு தடுப்பாட்டக்காரர்களின் தோளுக்கு மேலே எழும்பினார். அவர் வாழ்நாளில் முட்டியதிலேயே அழகான முட்டு அதுதான் என்று இன்றைக்கும் கிடங்கில் பேசிக்கொள்கிறார்கள்.

கோல். டிரா. அணி தப்பித்தது.

ஆட்கள் வேலி தாண்டிக் குதித்து அவர்மேல் விழுந்தார்கள். சூப்பர்வைசர் பீரங்கியைக் கட்டிப்பிடித்து, "இத்தனை நேரம் இதைத்தானேடா கேட்டேன்!" என்றார். பீரங்கி அவரைத் தள்ளிவிட்டு ஓடினான். கும்பலைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனால், கொடிக்கம்பம் புல்லில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஒருவன் அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். பீரங்கி பக்கத்தில் மண்டியிட்டதும் அவன் சட்டையைப் பிடித்துக் காதருகே இழுத்தார்.

"மச்சான், மேகம் கட்டுதா என்ன?"

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"மேலேருந்து கறுப்பா எதுவோ இறங்குது" என்றார். இன்னும் சிரித்த முகமாகவே இருந்தார். சுற்றி நின்றவர்களுக்குத் தெரியக்கூடாதே. "மெதுவா எழுப்பி விடு. நடந்தே வெளிய போயிடலாம்."

ஆட்டோவில் போகும்போது அவர் அவன் முழங்காலைத் தட்டினார். "அக்காகிட்ட, நான் கையைத் தூக்கிக் கேட்டேன்னு சொல்லிடு."

"நீங்க கேக்கலையே மாமா."

"எனக்குத் தெரியாதா? நான் திட்டு வாங்கிப் பழகினவன். புருஷன் பொண்டாட்டி இன்னைக்கு அடிச்சுக்குவோம், நாளைக்குச் சேந்துக்குவோம். உனக்கு அவ ஒருத்திதான். அவ உன்னை விட்டுட்டா நீ எங்கடா போவே?"

அன்றே ஆபரேஷன் நடந்தது. டாக்டரம்மா வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, இனிமேல் வெளிச்சம் தெரியலாம், ஆள் தெரியாது என்றார். சொன்னபடி அழக்கூடாது என்று அவர் யாரையும் தடுக்கவில்லை. கண்ணுக்குள் காற்று நிரப்பியிருப்பதால் குப்புறத்தான் படுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டில் கொடிக்கம்பத்துக்குப் பத்தவில்லை. கால்கள் இரண்டும் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முகத்தைத் தலையணையின் நடுப்பள்ளத்தில் புதைத்திருந்தார்.

அக்கா கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். அழுது முடித்திருந்தாள். தம்பியை நேராகப் பார்த்தாள்.

"நீயா அடிச்சியா, அவரு கேட்டாரா?"

ஆட்டோவிலிருந்து இறங்கியது முதல் உண்மையைத்தான் சொல்வது என்று பீரங்கி நினைத்திருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"அவருதான்க்கா கேட்டாரு. கையைத் தூக்கிக் கேட்டாரு."

தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஆமா. நான்தான் கேட்டேன்."

 அக்கா கட்டிலைச் சுற்றி வந்து தம்பியின் தலையைத் தடவினாள். "நீ என்ன பண்ணுவே பாவம், அவரு கேட்டா. போ, போய் ஏதாவது சாப்பிடு. காலைலேருந்து பட்டினி."

போனான். கேன்டீனில் தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். தொண்டையில் இறங்காது என்று நினைத்தான். இறங்கியது. நன்றாகப் பசித்தது, முழுவதையும் சாப்பிட்டான்.

திரும்பி வந்தபோது அக்கா நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். புருஷனோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. கதவுச் சத்தம் கேட்டுக் கொடிக்கம்பம் தலையை லேசாகத் தூக்கினார்.

"யாரு?"

அக்கா கோபத்தில் பதில் சொல்லவில்லை. பீரங்கிக்குக் குரல் எழும்பவில்லை. அவர் தலையைத் தூக்கியபடியே காத்திருந்தார்.

"யாரு வந்திருக்கா?" என்று மறுபடியும் கேட்டார்.