புரோட் ஸ்ட்ரீட்டில் எண்பது பேர்

1

இந்தக் கதை பல்வலியில் பிறந்தது. 1994இல் பல் வைத்தியரைத் தேடி வழி தவறி, லண்டனில் லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தேன். அங்கே முன்பு புரோட் ஸ்ட்ரீட் ரயில் நிலையம் இருந்ததாம். 1865இல் திறந்து 1986இல் மூடினார்கள். வரலாறு இவ்வளவுதான். மிச்சம் என் பொய்.

2

முதல் தொடக்கம்: ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்திறங்கிய அந்தப் பிரமாண்டமான

வேண்டாம். கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: 1985. கனகாம்பிகை அங்கே டிக்கெட் பார்ப்பவள். பயணிகளைவிடப் புறாக்கள் அதிகம். நிலையத்தை மூடுவதா என்று தீர்மானிக்க, வெள்ளிக்கிழமை காலை எட்டிலிருந்து ஒன்பதுவரை ரயிலில் வந்திறங்குவோரை எண்ணப்போகிறார்கள். மூடினால் வேலை போகும். கணவனைக் கொழும்பிலிருந்து கூப்பிட அவள் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கு அந்த வேலைக் கடிதம்தான் ஒரே பலம்.

3

கிங்ஸ்பரியில் தமிழர் வீடு வீடாகப் போய், கலியாணத்துக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குக் கட்டாயம் வரவேணும், அண்ணை. குடும்பத்தோட."

"என்ன விசேஷம்?" என்றார் பலசரக்குக் கடை ஆனந்தராஜா.

"ஆக்களை எண்ணப்போகினம்."

"சாப்பாடு இருக்கோ?"

"வடை இருக்கு."

"அப்ப வாறம்."

(இவள் ஏன் இத்தனை சந்தோஷமாக இருக்கிறாள்? இரண்டு வருடமாக இந்த நாட்டில் யாரையும் எதற்கும் அழைக்க அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. வேலையைக் காப்பாற்றத்தான் புறப்பட்டாள். மூன்றாவது வீட்டில் அதை மறந்துபோனாள்.)

4

சொல்லிவைத்த எண்பது பேரும் வந்தார்கள், பட்டும் வேட்டியுமாக. எட்டேமுக்காலுக்கு. தெரு வாசல் வழியாக.

"எந்த றெயினிலை வந்தனீங்கள், அண்ணை?"

"றெயினோ? விசேஷத்துக்கு ஆர் பிள்ளை றெயினிலை வாறது? ஏழு வான் பிடிச்சு வந்தம்!"

எண்ண வந்தவரின் தாளில் அதுவரை நான்கு கோடுகள். அவர் கூட்டத்தைப் பார்த்தார். கையில் திணிக்கப்பட்ட வடையைத் தின்றார். பிறகு கனகாம்பிகையிடம் கேட்டார்: இவர்களெல்லாம் ரயிலில் வந்தவர்களா?

5

முடிவு அ: "ஓம்" என்கிறாள். இன்னும் எண்பது கோடுகள். நிலையம் எப்படியும் அடுத்த வருடம் மூடும். குரோய்டனுக்கு அந்த ஒரு வருடம் போதும்.

முடிவு ஆ: "இல்லை" என்கிறாள். ஏனென்றால் அவள்

இரண்டையும் அடித்துவிட்டேன். நானென்றால் கண்ணை மூடிக்கொண்டு "ஓம்" என்றிருப்பேன். அதனாலேயே அவளுக்காகப் பேச எனக்குப் பயம். நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். வெளியே வான்களுக்குப் போலீஸ்காரர் தண்டம் எழுதுகிறார், எண்பது பேரும் ஒரே குரலில் அவரிடம் நியாயம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.